மாறாத முகம்



என் பழைய மாணவர் ஒருவர், செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு தாம் ஆக்கிய குறும்படம் ஒன்றை என் இல்லத்தில் காட்டினார். மறைந்த தம் பாட்டியாரைப் பற்றிய படம் அது. முதற்காட்சியில் பாட்டியார் வட்ட முகத்துடன் திண்ணையில் அமர்ந்திருந்தார். அடுத்த காட்சியில் முகம் நீண்டிருந்தது. மூக்குத்தி இடப்புறம் விட்டு வலப்புறம் சென்றிருந்தது. பேரனை வழியனுப்பும் இறுதிக் காட்சியிலோ வேறொரு மூதாட்டியே நின்றார். கண்ணீர் வரவேண்டிய இடத்தில் உடனிருந்த சிறுவர்கள் சிரித்துவிட்டனர். படம் எடுத்தவர் தலைகுனிந்தார்.

இக்குறை எதனால் நேர்ந்தது? இத்தகைய கருவி, ஒழுங்கற்ற புள்ளிகளின் கூட்டத்திலிருந்து தொடங்கி, நாம் தரும் சொற்களுக்கு ஏற்பப் படிப்படியாக ஓர் உருவத்தைத் தெளிவாக்குகிறது. சொற்களை மட்டும் தந்தால், முன் வரைந்த முகத்தை அது அறியாது. ‘வட்ட முகமுடைய மூதாட்டி’ என்றால் அதற்குப் பொருந்தும் முகங்கள் எண்ணிறந்தன அல்லவா? அவற்றுள் ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

இவ்விடர் முற்றிலும் புதியதன்று. வால்ட் டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட்’ 1937இல் வெளிவந்தது. அப்படத்திற்குப் பற்பல ஓவியர்கள் வரைந்தனர். பல கைகள் வரைந்தும் ஒரு குள்ளர் ஒருவராகவே தோன்றவேண்டும். அதற்கென, ஒரே பாத்திரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வரைந்து காட்டும் மாதிரித் தாள்களை அக்கலைஞர்கள் பயன்படுத்தினர்.

இன்றும் வழி அதுவே. முதலில் பாத்திரத்தின் உருவத்தைப் பல கோணங்களில் முடிவுசெய்தல் வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் அப்படங்களையே மாதிரியாகத் தருதல் வேண்டும். ஆடை, அணி, மச்சம் ஆகியவற்றைக் கூறும் சொற்களை மாற்றாது எழுதுதல் வேண்டும். 2022இல் வெளியான ‘ட்ரீம்பூத்’ என்னும் முறை, மூன்று முதல் ஐந்து படங்களைக் கொண்டே ஒரு குறிப்பிட்ட உருவத்தைக் கருவிக்குக் கற்பிக்க இயலும் எனக் காட்டியது.

என் மாணவர் பாட்டியாரின் பழைய நிழற்படங்களைத் தேடி எடுத்து, படத்தை மீண்டும் ஆக்கினார். அப்போதும் ஒரு காட்சியில் மூக்குத்தி இடம் மாறிற்று. காட்சி மிக அழகாக இருந்தும் அதனை நீக்கிவிட்டார். காரணம் வினவினேன். “ஐயா, கருவிக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், பாட்டியை அறிந்தவன் நான் அல்லவா?” என்றார்.

நண்பர்களே, கருவி எவ்வளவு வளர்ந்தாலும், இவர்தாம் அவர் என்று கண்டு சொல்லும் பொறுப்பு உங்களுடையதே.