வானொலியும் சமயக் கல்வியும்

(நமது அறவாரியத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)

 

நம் ஆலய இளைஞர் பிரிவினர் இவ்வாண்டு ஒரு வேண்டுகோளை முன்வைத்துள்ளனர். இணையத்தின் வழி இயங்கும் சமய வானொலி ஒன்றை அறவாரியத்தின் செலவில் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். குழுவில் இதை ஆதரிப்போரும் உண்டு. வீண் செலவு என்போரும் உண்டு. "வாத்தியாரே, நீங்கள் கொஞ்சம் படித்துப் பார்த்து வந்து பேசுங்கள்" என்று தலைவர் பணித்தார். நமக்கு முன்னரே இதைச் செய்தவர்களின் அனுபவத்தைத் தேடினேன். அமெரிக்காவில் கிறிஸ்துவ சமயக் கல்விநிலையங்கள் இரண்டு நடத்திய வானொலிகளின் வரலாறு நமக்குப் பயன்படும் என்று தோன்றியது. நல்லதை யாரிடமிருந்து கற்றாலும் நமக்குக் குறைவில்லை.

முதலாவது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் லொயோலா பல்கலைக்கழகம். அங்கே 1922-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் டபிள்யூ.டபிள்யூ.எல். என்ற வானொலி தொடங்கியது. முதல் நாளிலேயே பல்கலைக்கழகத் தலைவர் ஒலிவாங்கியின் முன் நின்று, கட்டட நிதிக்கு உதவுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். நம் திருப்பணி நிதி வேண்டுகோளைப் போலத்தான்! சில ஆண்டுகளில் அது விளம்பரங்களை ஏற்கும் வாணிப நிலையமாக மாறியது. 1930-களின் இறுதியில் அதன் ஆற்றல் 50,000 வாட்டாக உயர்ந்தது. இரவு நேரத்தில் பல மாநிலங்களில் அதைக் கேட்க முடிந்தது. வருமானம் பல்கலைக்கழகத்துக்கு உதவியது. ஆனால், இசையும் செய்தியும் விளையாட்டும் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி போன்ற சமய நிகழ்ச்சிகளுக்கு ஓர் ஓரம் கிடைத்தது. 1989-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் அந்த வானொலியை விற்றுவிட்டது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பணம் எந்த வழியில் வருகிறதோ, அந்த வழியில்தான் நிலையமும் போகும் என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

இரண்டாவது, சிகாகோ நகரில் உள்ள மூடி விவிலியக் கல்விநிலையம். டுவைட் மூடி என்ற போதகர் 1886-இல் நிறுவியது. 1926-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் டபிள்யூ.எம்.பி.ஐ. என்ற வானொலியை இவர்கள் தொடங்கினார்கள். இது வாணிப நிலையமாக மாறவில்லை; நேயர்கள் மனமுவந்து தரும் நன்கொடையால் நடந்து வருகிறது. 1982-இல் துணைக்கோள் வழியாக மற்ற ஊர் நிலையங்களுக்கும் நிகழ்ச்சிகளை அனுப்பத் தொடங்கினார்கள். அவர்களுடைய நிகழ்ச்சிகளில் என்னைக் கவர்ந்தது 'ஓப்பன் லைன்' என்பது. நேயர்கள் விவிலியத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கல்விநிலையத்தின் பேராசிரியர் ஒருவரே பதில் சொல்வார். அதாவது, ஒலிவாங்கிக்குப் பின்னால் ஒரு நூலகமும், வகுப்பறைகளும், பல ஆண்டுகள் படித்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

அன்பர்களே, இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய காலத்தில், பள்ளி ஒலிபரப்பு நேரம் வந்தால் வானொலிப் பெட்டியை மேசைமேல் வைத்து மாணவர்களைக் கேட்கச் செய்வேன். ஒரு நாள் பாடத்தின் நடுவே ஒரு பையன் கை உயர்த்தினான். "உஸ், பேசாமல் கேள்" என்று அடக்கிவிட்டேன். ஒலிபரப்பு முடிந்ததும் மணி அடித்துவிட்டது. அவன் என்ன கேட்க நினைத்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு முழுவதும் ஒலிபரப்பு நேரத்தில் அவன் கை மறுபடி உயரவே இல்லை. வானொலி மேல் பழி சொல்ல முடியுமா? பக்கத்தில் நின்ற ஆசிரியர் நான்தானே!

சென்ற ஆண்டு நம் ஞாயிறு சமய வகுப்பில் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, திருநீறு ஏன் பூசுகிறோம்? பள்ளியில் தோழி கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை." அங்கே பெரியவர்கள் நால்வர் இருந்தோம். "நம் முன்னோர் வழக்கம், அம்மா" என்று ஒருவர் சொன்னார். மற்ற மூவரும் தலையாட்டினோம். அந்த மூவரில் நானும் ஒருவன். உடலும் உடைமையும் ஒரு நாள் சாம்பலாகும் என்பதை நினைவூட்டும் சின்னம் என்றாவது சொல்லியிருக்கலாம். மாதந்தோறும் தேய்த்துத் துலக்கும் குத்துவிளக்குக்குக் கொடுக்கும் கவனத்தை அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நாம் கொடுக்கவில்லை.

ஆகவே, இளைஞர்களின் வேண்டுகோளை நான் எதிர்க்கவில்லை. இன்று ஒரு கணினியும் ஒலிவாங்கியும் இருந்தால் இணைய வானொலி தொடங்கிவிடலாம். பாடல்களை நாள் முழுவதும் ஒலிக்கவிடலாம். ஆனால், நேயர் ஒருவர் அழைத்துக் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? இதற்கு விடை காணாமல் கருவி வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்று யோசனைகளைக் குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன். முதலில், ஓராண்டுக் காலம் திருமுறையும் சைவ சித்தாந்தமும் முறையாகப் பயிலும் வகுப்பு ஒன்றை இளைஞர்களுக்கும் நமக்கும் சேர்த்தே நடத்துவோம். கற்றறிந்தவர்களை அழைத்து, அவர்களுக்கு உரிய சன்மானம் அளிப்போம். இரண்டாவதாக, வானொலி தொடங்கும்போது விளம்பரத்தை நம்பாமல், அன்பர்களின் நன்கொடைக்குள் செலவை அடக்குவோம். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் இந்த மலரிலேயே வெளியிடுவோம். மூன்றாவதாக, வாரத்தில் ஒரு மணி நேரம் நேயர்களின் கேள்விக்கென்றே ஒதுக்குவோம். விடை தெரியாவிட்டால், "படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்வோம். அதில் வெட்கமில்லை.

வகுப்பு தொடங்கினால் மாணவனாக முதலில் பெயர் கொடுப்பவன் நானாக இருப்பேன். அந்த மாணவிக்கு நான் இன்னும் ஒரு பதில் தர வேண்டியிருக்கிறது.