கடன் வாங்கும் முன் சமூகக் கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் இருவிதக் கவலைகள் எழுகின்றன. நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கும் என்பது ஒன்று. குறைந்த தேர்ச்சி பெற்ற பிள்ளையை என்ன செய்வது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கவலையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

டிப்ளோமா படிப்புக்குப் பொதுவாக மூன்று கிரெடிட் வேண்டும். அது இல்லாத பிள்ளைகளில் பலர் கைத்தொழில் எதுவும் கற்காமலேயே தொழிற்சாலைக்கோ பேரங்காடிக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். சில பெற்றோர் ஊழியர் சேமநிதியை எடுத்தும், நகையை அடகு வைத்தும் தனியார் கல்லூரியில் சேர்க்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையே இன்னொரு வழி உண்டு. அதுதான் கோலேஜ் கொமுனிட்டி எனப்படும் சமூகக் கல்லூரி.

2001-இல் 12 கல்லூரிகளுடன் தொடங்கிய இத்திட்டத்தின்கீழ் இன்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இயங்குகின்றன. சுங்கை பட்டாணி, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கோல லங்காட், சிகாமட் என நம்மவர்கள் வாழும் பல வட்டாரங்களில் அவை உள்ளன. அரசாங்கக் கல்லூரி என்பதால் ஒரு பருவத்திற்கான கல்விக் கட்டணம் சில நூறு வெள்ளிதான். வீட்டிலிருந்தே போய்வந்தால் தங்கும் செலவும் மிச்சம்.

மின்தொழில்நுட்பம், வாகனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனம், சமையற்கலை, பேஸ்ட்ரி, ஆடைத் தயாரிப்பு எனப் பாடங்கள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். பட்டறையில் செய்து பழகிய பிறகு, ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சியும் பெற வேண்டும். பயிற்சிக்குப் போன இடத்திலேயே வேலை கிடைப்பதும் உண்டு.

"அங்கே படித்தால் மேலே போக முடியுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். முடியும். சான்றிதழ் பெற்றவர் தகுதிக்கேற்பப் பொலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கலாம். அதன்பின் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். காலம் சற்றுக் கூடும். கடன் சுமை குறையும்.

உண்மையான தடை நம் மனத்தில் இருக்கிறது. மகன் ஏர்கோன் பழுதுபார்க்கிறான் என்று உறவினரிடம் சொல்லக் கூசுகிறோம். ஆனால் நம் வீட்டு ஏர்கோன் கெட்டுவிட்டால் அத்தொழில் தெரிந்தவரைத்தான் தேடி ஓடுகிறோம். அவர் கேட்கும் கூலியையும் கொடுக்கிறோம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். கல்லூரிக்கு நேரில் சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பாடத்திற்குரிய பட்டறை வசதி என்ன? தொழிற்பயிற்சி எங்கே கிடைக்கும்? இத்தொழிலைச் செய்யத் தனி உரிமம் தேவையா? எடுத்துக்காட்டாக, மின்கம்பி பொருத்தும் தொழிலுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கல்லூரிச் சான்றிதழிலிருந்து அதனைப் பெறும் வழியை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரியவர்களுக்கும் அங்கே இடமுண்டு. குறுகிய காலப் பயிற்சிகளில் கேக் செய்யவும், தைக்கவும் கற்று வீட்டிலிருந்தே வருமானம் தேடலாம்.

எஸ்.பி.எம். முடித்தவர்கள் யு.பி.யூ. இணையத்தளம் வழி விண்ணப்பிக்கலாம். இறுதி நாளைத் தவறவிட்டு வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் நம்மில் உண்டு. ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் ஒரு மடிக்கணினியை வைத்து, விண்ணப்பம் திறந்திருக்கும் வாரங்களில் உதவினாலே போதும். வழி தெரியாமல் ஒரு பிள்ளையும் வீட்டில் முடங்கிவிடக் கூடாது.