குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்



பச்சிளங்குழந்தைகளின் தைராய்டு பரிசோதனை பற்றிய கருத்தரங்கைச் சங்கரன்கோவிலில் நடத்துவதற்குக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஐந்து பெருநகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தது. 1,130 பேரில் ஒருவருக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. சென்னையில் மட்டும் 727 பேரில் ஒருவர். ஹார்மோன் சுரப்பைக் கெடுக்கும் மரபுக் கோளாறுகளில் பல, தாய் தந்தை இருவர் வழியாகவும் வந்தால்தான் தலைகாட்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிச்சுப்போடும் நம் சீமையில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

பிறந்த அன்று இக்குறைபாடுள்ள குழந்தையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எடை சரியாக இருக்கும், அழுகையும் சரியாக இருக்கும். பிறகு அது அதிகம் அழாது, பால் கேட்காது, தூங்கிக்கொண்டே கிடக்கும். ‘தங்கமான பிள்ளை, படுத்தவே மாட்டேங்குது’ என்று ஆச்சி மெச்சுவாள். மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் வடியாது. காலை வெயிலில் காட்டுவார்கள். தொப்புள் பிதுங்கி, நாக்கு தடித்த பிறகு நம்மிடம் தூக்கி வருவார்கள். அதற்குள் மூளை இழந்ததை எந்த மருந்தாலும் முழுதாக மீட்க முடியாது.

இத்தனைக்கும் மருத்துவம் மிக எளிது. லெவோதைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துத் தினமும் புகட்ட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளோடு சேர்க்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிப்பார்கள்.

பரிசோதனையும் புதிதல்ல. கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ 1970களிலேயே வடிதாளில் உலர்ந்த ரத்தப் பொட்டைக் கொண்டு இதைச் செய்துகாட்டினார். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக நடக்கிறது.

என் கவலை முடிவு வந்த பிறகு நடப்பதைப் பற்றியது. பிறந்ததும் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் இயல்பாகவே எகிறும் என்பதால் 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். அந்நேரம் தாய் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாள். அவள் போவதோ அம்மா வீட்டுக்கு. பதிவேட்டில் இருப்பதோ கணவர் வீட்டு முகவரி. கொடுத்த எண்ணும் கணவருடையது. அவர் விசைத்தறிக் கூடத்தில் நிற்கிறார். தறிச் சத்தத்தில் போன் மணி காதில் விழாது. ஆய்வகத்தில் உரிய நேரத்தில் கண்டுபிடித்த நோய் இப்படித்தான் வழியில் தொலைகிறது. அவசரமாகப் போகிறவர்களுக்குத் தொப்புள்கொடி ரத்தமே போதும் என்பது என் கருத்து, விவாதியுங்கள்.

கர்ப்பிணிக்குப் பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணைத் தருகிறோம். ஊருக்கு ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். அந்த எண்ணை ரத்த அட்டையில் எழுதுங்கள். அம்மா வீட்டு முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். முடிவில் சந்தேகம் வந்தால் அன்றே அந்த வீட்டுக் கதவைத் தட்டப்போவது யார்? மாலை அமர்வு கலைவதற்குள் இதற்கு ஒரு பெயரும் பொறுப்பும் குறித்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.