சான்ட்ரோவிலிருந்து கிரெட்டா வரை: விருதுநகர் ரோட்டில் ஒரு கொரிய கார்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



போன தடவை விருதுநகர் போயிருந்தப்போ எங்க மாமா ஒரு கேள்வி கேட்டார். "மாப்ளே, இதைக் குடுத்துட்டு கிரெட்டா எடுத்துரலாமா? இல்ல இன்னும் கொஞ்ச நாள் இதையே ஓட்டலாமா? நீதான் கார், கார்னு பேசுறியே, சொல்லு."

"இது"ன்னு அவர் சொன்னது வாசல்ல நின்ன சான்ட்ரோ ஜிங். 2008-ல எடுத்தது. டி.என். 67 நம்பர். மாமாவுக்கு சிவகாசியில காலண்டர் ஆர்டர் எடுக்கிற வேலை. வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்கு புது காலண்டர் ஆல்பம் வெளிவரும். அதை டிக்கியில அடுக்கிக்கிட்டு மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில்னு கடை கடையா ஏறி இறங்குவார். அந்த அலைச்சல் முழுக்க இந்த வண்டியிலதான்.

அவர் கேட்டதுக்கு நான் உடனே பதில் சொல்லல. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன். இந்த எபிசோடுதான் அந்தப் பதில்.

மாடு விற்ற காசு

முதல்ல கம்பெனியோட கதை. ஹூண்டாயைத் தொடங்கினவர் சுங் ஜூ-யங். 1915-ல பிறந்த விவசாயி வீட்டுப் பையன். அவர் ஊர் இன்னைக்கு வட கொரியாவுல இருக்கு. வயக்காட்டு வேலை பிடிக்காம சின்ன வயசுலயே பலமுறை வீட்டை விட்டு ஓடினவர். ஒருமுறை அப்பா மாடு வித்து வச்சிருந்த காசை எடுத்துக்கிட்டே கிளம்பிட்டார். சியோலில் அரிசிக் கடையில வேலை, அப்புறம் கார் ரிப்பேர் ஷெட், 1947-ல கட்டுமானக் கம்பெனி. 1967-ல ஹூண்டாய் மோட்டார். கொரிய மொழியில அந்தப் பேருக்கு "நவீனம்"னு அர்த்தம்.

முதல்ல அவங்க சொந்தமா எதையும் செய்யல. ஃபோர்டு கம்பெனியோட கோர்ட்டினா காரை 1968-லேர்ந்து அங்க பூட்டிக் கொடுத்தாங்க. தொழில் கைக்கு வந்ததும், நம்மளே ஒண்ணு செய்வோம்னு இறங்கினாங்க. வடிவமைப்புக்கு இத்தாலியோட ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ, தொழிற்சாலை நடத்த பிரிட்டனோட ஜார்ஜ் டர்ன்புல், எஞ்சினுக்கு ஜப்பானோட மிட்சுபிஷி. இப்படி நாலு ஊர் சரக்கைச் சேர்த்து 1975 கடைசியில உற்பத்திக்கு வந்த கார்தான் போனி. பெரிய அளவுல தயாரான கொரியாவோட முதல் சொந்த கார்.

இந்தக் கதை சிவகாசிக்காரங்களுக்குப் புதுசில்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. வெளியூர்ல கத்துக்கிட்ட தொழிலை வச்சுத்தான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம்னு ஊரே எழுந்துச்சு. மழை இல்லாத கரிசல் பூமியில வேற வழியும் இல்ல. கத்துக்கிட்டு வந்து நாமளே செய்யணும்ங்கிற வேகம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

ஆனா ஹூண்டாய் நேரா மேல ஏறிப் போயிடல. 1986-ல அமெரிக்காவுல எக்ஸெல்னு விலை குறைஞ்ச காரைக் கொண்டுபோனாங்க. முதல் வருஷமே 1,68,000-க்கு மேல வித்துச்சு. கொஞ்ச நாள்ல தரம் பத்தின புகார் குவிஞ்சு பேரே கெட்டுப்போச்சு. டிவி காமெடியன்கள் கிண்டல் பண்ற அளவுக்கு. அந்தக் கெட்ட பேரைத் துடைக்க 1990-களின் கடைசியில அவங்க எடுத்த முடிவு, எஞ்சினுக்கும் கியருக்கும் 10 வருஷம் அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம். உத்தரவாதம் கொடுத்துட்டா தப்பான வண்டி செஞ்சா கம்பெனிக்குத்தான் நஷ்டம். அதனால தரத்தைத் திருத்தியே ஆகணும்.

இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த 1998

இந்தியாவுக்குள்ள ஹூண்டாய் வந்தது 1996 மே மாசம். அப்போ வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் பலதும் உள்ளூர்ல ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கிட்டுத்தான் வந்தாங்க. ஹூண்டாய் தனியா, முழுக்கச் சொந்தப் பணத்துல வந்துச்சு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில தொழிற்சாலை. 1998 செப்டம்பர் 23-ஆம் தேதி சான்ட்ரோ அறிமுகம்.

அதே வருஷம் ஜூன்லயும் அக்டோபர்லயும் சுங் ஜூ-யங் 1,001 மாடுகளை லாரியில ஏத்தி எல்லை தாண்டி வட கொரியாவுக்குக் கொண்டுபோனார். அப்பாகிட்ட எடுத்த ஒரு மாட்டுக் காசுக்கான கடன்னு சொன்னார். ஆசியப் பொருளாதார நெருக்கடியில கொரியாவே ஆடிக்கிட்டிருந்த நேரம் அது. இன்னொரு கொரியக் கம்பெனியான டேவூ நமக்கு சியலோ, மாட்டிஸ் எல்லாம் கொடுத்துச்சு. கொஞ்ச வருஷத்துல கம்பெனியே திவால். அந்தக் கார் வாங்கினவங்க உதிரி பாகத்துக்கு அலைஞ்ச அலைச்சலை எங்க ஊர்ல இன்னும் சொல்வாங்க. அதனால கொரியா கார்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரு பயம் இருந்தது நியாயம்தான்.

ஹூண்டாய் அந்தப் பயத்தையே விளம்பரமாக்குச்சு. ஷாருக் கானைத் தேடி ஒரு கொரியர் வருவார், எங்க காருக்கு நீங்க விளம்பரம் பண்ணணும்னு. நீங்க யாரு, உங்க வண்டி எங்க ஊருக்குச் சரிப்படுமான்னு ஷாருக் கேள்வி கேட்பார். அவர் கேட்டதெல்லாம் நம்ம வீட்டுப் பெரியவங்க கேட்க இருந்ததுதான்.

வண்டி பார்க்க அழகில்லை, அது உண்மை. தீப்பெட்டியை நிமிர்த்தி வச்ச மாதிரி உயரமா இருக்கும். ஆனா அந்த உயரம்தான் அதை ஓட வச்சுச்சு. பட்டுப்புடவை கட்டின ஆச்சி குனியாம, தலை இடிக்காம ஏறி உட்காரலாம். 999 சிசி எஞ்சின், கார்புரேட்டர் இல்லாம எம்.பி.எஃப்.ஐ. 2003-ல ஜிங் வந்தப்போ எஞ்சின் 1.1 லிட்டர் ஆச்சு. 2014 கடைசியில உற்பத்தி நின்னு, 2018-ல புது சான்ட்ரோவா வந்து, 2022-ல திரும்பவும் நின்னுபோச்சு. நடுவுல ஐ10, ஐ20, 2015-ல கிரெட்டா. 2024 பிப்ரவரிக்குள்ள இந்தியாவுல மட்டும் 10 லட்சம் கிரெட்டா வித்தாச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ஹூண்டாய் இந்தியா பங்குச் சந்தைக்கு வந்துச்சு. 27,000 கோடி ரூபாய்க்கு மேல. அதுவரைக்கும் இந்தியா பார்த்ததிலேயே பெரிய ஐபிஓ.

தொழிற்சாலைக்குள்ள எல்லாம் சுமுகமாவும் இருக்கல. சங்கத்தை அங்கீகரிக்கணும், வேலைநீக்கம் செஞ்சவங்களைத் திரும்ப எடுக்கணும்னு 2010 ஜூன்ல தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினாங்க. நம்ம மாவட்டத்துப் பசங்க ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்சு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ் ஏறுறது இன்னைக்கும் நடக்குது. "மருந்து வேலைக்கு மட்டும் வேண்டாம்யா"ன்னு அம்மாக்கள் அனுப்பி வைக்கிறாங்க. அதனால இந்தப் பிராண்டு எங்க ஊருக்கு வெறும் விளம்பரப் பலகை இல்ல. சில வீடுகளுக்குச் சம்பளமும்கூட.

வச்சிருக்கவங்க என்ன சொல்றாங்க?

விருதுநகர், சாத்தூர், சிவகாசின்னு கொஞ்சப் பேர்கிட்ட பேசினேன். எல்லாரும் முதல்ல சொன்னது ஏசி. சித்திரை வெயில்ல சாத்தூர் ரோட்டுல போய்ப் பாருங்க, ஏன்னு புரியும். அடுத்தது லேசான ஸ்டியரிங். மூணாவது, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கமான வண்டி, பார்ட்ஸ் கிடைக்கும்.

மாமா வண்டி ஒரே ஒரு தடவை நடுரோட்டுல நின்னுருக்கு. கோவில்பட்டிக்கு இந்தப் பக்கம், டைமிங் பெல்ட் அறுந்துபோச்சு. மாத்த வேண்டிய கிலோமீட்டர் தாண்டி ரொம்ப நாள் ஆச்சுன்னு மெக்கானிக் சொல்லியும், சீசன் முடியட்டும்னு தள்ளிப்போட்டது மாமாதான். அதை அவரே ஒத்துக்குவார். பழைய வண்டி வாங்கப்போறவங்க இதைக் குறிச்சுக்கோங்க: பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பில்லோட கேளுங்க. 15 வருஷம் தாண்டின வண்டின்னா ஆர்.சி. புதுப்பிச்சாச்சான்னும் பாருங்க. முன்னாடி 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. மாமா 2023-ல கட்டினார்.

குறைகளும் உண்டு. "தகரம் மெலிசு" அப்படிங்கிற பேச்சு டீக்கடை வரைக்கும் இருக்கு. இதுல ஒரு குழப்பம் இருக்கு. விபத்துல நம்மளைக் காப்பாத்துறது வெளித் தகரத்தோட கனம் இல்ல. முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கணும், ஆள் உட்கார்ற கூண்டு நசுங்காம நிக்கணும். கதவைத் தட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மோதிப் பார்த்துத்தான் தெரியும்.

மோதியும் பார்த்திருக்காங்க. குளோபல் என்கேப் அமைப்பு 2014-ல சோதிச்ச ஐ10-க்கு பூஜ்யம். அன்னைக்கு அதோட சோதிச்ச மத்த கம்பெனிகளோட ஏர்பேக் இல்லாத கார்களுக்கும் அதே பூஜ்யம்தான். 2019-ல புது சான்ட்ரோவுக்கு 2 நட்சத்திரம். 2022-ல கிரெட்டாவுக்கும் ஐ20-க்கும் 3. கிரெட்டாவோட கூண்டு நிலையா இல்லைன்னும் அந்த அறிக்கை சொன்னுச்சு. 2023 அக்டோபர்ல அதே கம்பெனியோட வெர்னாவுக்கு 5-க்கு 5. அதே மாசம் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் கட்டாயம்னு ஹூண்டாய் அறிவிச்சுச்சு. செய்யத் தெரியாம இல்ல. நாம கேட்கிற வரைக்கும் செய்யல, அவ்வளவுதான்.

என்னை உறுத்துறது இதுதான். எங்க மாவட்டத்துக்குப் பாதுகாப்புன்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. பட்டாசு ஆலையில ஒரு அறைக்குள்ள எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வச்சுக்கலாம்னு விதி இருக்கு. அது மீறப்பட்டா என்ன ஆகும்னு 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில பார்த்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர் போச்சு. அப்படிப்பட்ட ஊர்ல இருந்துட்டு, கார் ஷோரூம்ல போய் நாம கேட்கிற முதல் கேள்வி "சன்ரூஃப் இருக்கா?"

மாமாவுக்கு என் பதில்

மாமா, உங்க சான்ட்ரோ நல்ல வண்டி. பதினேழு வருஷத்துக்கு மேல சோறு போட்டிருக்கு. நீங்க மட்டும் சிவகாசிக்குப் போய் வர்றதுன்னா நான் எதுவும் சொல்லமாட்டேன்.

ஆனா இப்ப பேத்தி வந்தாச்சு. ரெண்டு வயசு. தீபாவளிக்குச் சென்னையிலேர்ந்து அவங்க வந்தா, மதுரைக்குப் போய்க் கூட்டிட்டு வர்றது இந்த வண்டியிலதான். உங்க வண்டியில ஏர்பேக் கிடையாது. குழந்தை சீட்டைப் பூட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கியும் கிடையாது. குழந்தை அத்தை மடியில உட்கார்ந்து வருது. நாலுவழிச் சாலையில நூறுல போற வண்டி சட்டுன்னு நின்னா, மடியில இருக்கிற குழந்தையை எந்தக் கையாலயும் பிடிச்சு வைக்க முடியாது. அதனால வண்டியை மாத்துங்க. இந்தத் தடவை சீசன் முடியட்டும்னு தள்ளிப்போடாதீங்க.

கிரெட்டாதான் எடுக்கணுமா? ஓட்டிப் பாருங்க. ஆனா ஷோரூம்ல மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, இந்த வடிவத்தைச் சோதிச்சிருக்காங்களா, எத்தனை நட்சத்திரம்? 2024 ஜனவரியில வண்டி மாறிடுச்சு. பழைய 3-ஐ வச்சுப் புதுசைத் திட்டவும் முடியாது, வெர்னாவோட 5-ஐ இதுக்கு ஒட்டவும் முடியாது. ரெண்டு, எந்த கியர்பாக்ஸ்? டர்போ பெட்ரோல்ல வர்ற டி.சி.டி. ஹைவேல அருமை. சிவகாசி உள்ளே லோடு ஆட்டோ பின்னாடி இஞ்ச் இஞ்சா ஊர்ந்தா கிளட்ச் சூடாகும். உங்க ஓட்டத்துக்கு மேனுவலோ, சாதாரண பெட்ரோல்ல வர்ற ஐ.வி.டி.யோ போதும். மூணு, பின்சீட்டுல குழந்தை சீட்டை மாட்டிக் காட்டச் சொல்லுங்க. வாயால சொன்னா நம்பாதீங்க. இதே மூணு கேள்வியை வேற கம்பெனி ஷோரூம்லயும் போய்க் கேளுங்க. எவன் மழுப்பாம பதில் சொல்றானோ, அவன்கிட்ட எடுங்க.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே போன்ல இதைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி மாப்ளே, சான்ட்ரோவை என்ன பண்றது?"ன்னார். வித்துருங்கன்னேன். "விக்கிறதா! அது ஆல்பம் ஏத்துறதுக்கு இருந்துட்டுப் போகட்டும்"னுட்டார். அதுவும் சரிதான். ஆல்பத்துக்கு ஏர்பேக் வேண்டாம்.

உங்க வீட்டு முதல் கார் எது, அதை ஏன் வித்தீங்க, இல்ல ஏன் விக்கல? குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலதைச் சேர்த்துப் பேசுவோம். அதுவரைக்கும் சீட் பெல்ட் போடுங்க. பின்சீட்டிலயும்தான்.