கூரையை ரிப்பேர் பண்ண முதல்ல பட்டாவைப் பாருங்க

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. தஞ்சாவூர்ல எங்க வீட்டு ஹால் சீலிங்ல இருந்து பூச்சு பெயர்ந்து, அப்பா வழக்கமா உட்கார்ற நாற்காலி மேலேயே விழுந்திருக்கு. நல்லவேளை, அப்பா அப்போ சாப்பிட்டுட்டு இருந்தார்.

இன்ஜினியர் வந்து பார்த்தார். மேலே தண்ணி இறங்கி, உள்ளே கம்பி துருப்பிடிச்சு உப்பி, கான்கிரீட்டைத் தள்ளுது. கீழே மட்டும் பூசினா மறுபடியும் விழும்னார். மொத்த வேலைக்கு 5 லட்சம்.

நான் ஆபீஸ் பஸ்ல உட்கார்ந்தே போன்ல பர்சனல் லோன் போட்டேன். 15 சதவீத வட்டி, 5 வருஷம். சாயங்காலமே பணம் வந்துடுச்சு. பெருமையா இருந்தது.

அப்புறம்தான் தெரிஞ்சது, வீட்டைப் புதுப்பிக்கன்னே பேங்க்ல தனிக் கடன் இருக்கு. வீட்டை அடமானமா வாங்கிக்கிறதால வட்டி குறைவு. 9.5 சதவீதம்னு வெச்சுக்கிட்டா, 5 லட்சத்துக்கு மாசத் தவணை சுமார் 10,500 ரூபாய். நான் கட்டுறது சுமார் 11,900. 5 வருஷத்துல 83,000 ரூபாய்க்கு மேல வித்தியாசம். பிராசஸிங் ஃபீஸ், லீகல் செலவு, அடமானப் பதிவுச் செலவு எல்லாம் போனாலும் மிச்சம் இருக்கும். ஆனா 50,000, 60,000 ரூபாய் வேலைக்கு இந்த அலைச்சல் தேவையில்ல.

ஏற்கெனவே ஹோம் லோன் ஓடுதுன்னா, அதே பேங்க்ல டாப்-அப் கேளுங்க. பழைய வருமான வரி முறையில இருக்கறவங்களுக்கு, குடியிருக்கிற வீட்டை ரிப்பேர் பண்ண வாங்கின கடனோட வட்டியில வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைக்கும் கழிவு உண்டு. சோபா, ஃபிரிட்ஜ் வாங்க இந்தக் கடன் கிடையாது. கூரை, தரை, பைப், வயரிங் மாதிரி வீட்டோட ஒட்டின வேலைக்குத்தான்.

சரி, அந்தக் கடனுக்கு மாறலாம்னு பேங்க்குக்குப் போனேன். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, இன்ஜினியர் எஸ்டிமேட் கேட்டாங்க. பட்டாவைப் பார்த்தா தாத்தா பேர். அவர் இறந்து 12 வருஷம் ஆச்சு. உயிலும் இல்ல. அப்போ அந்த வீட்டுல என் ரெண்டு அத்தைங்களுக்கும் பங்கு இருக்கு. அவங்க கையெழுத்து இல்லாம பேங்க் ஃபைலைத் தொடாது.

அப்பா சொன்னார், "தங்கச்சிங்ககிட்ட எப்படிடா கேக்கறது? வீட்டை எழுதி வாங்கப் பார்க்குறான்னு நினைச்சுட்டா?" 12 வருஷமா பட்டா மாறாததுக்குக் காரணம் இதுதான்.

நானே பெரிய அத்தைக்குப் போன் பண்ணேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சீலிங் விழுந்ததையே எங்ககிட்ட யாரும் சொல்லலையேடா"ன்னு அழுதுட்டாங்க. அடுத்த ஞாயிறு ரெண்டு அத்தையும் வீட்டுக்கு வந்தாங்க. இப்போ தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழுக்குக் குடுத்திருக்கோம். அது வந்ததும் மூணு பேர் பேர்லயும் கூட்டுப் பட்டா. அதுவரைக்கும் 15 சதவீதம் கட்டிட்டுத்தான் இருக்கேன்.

உங்களுக்கு ஒரே வேலை. இந்த வாரமே ஊர்ல இருக்கிற வீட்டோட பட்டாவையும் வில்லங்கத்தையும் ஆன்லைன்ல பாருங்க. யார் பேர்ல இருக்குன்னு அப்பா அம்மாகிட்ட பேசுங்க. மழை வந்தப்புறம் பேசினா, என்னை மாதிரி பஸ்ல உட்கார்ந்து லோன் போடுவீங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.