பட்டாளத்தில் சேரலாமா?

(ஆழ்வார்குறிச்சிப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் நமது இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த நம் பிள்ளைகள் சிலர் அக்னிவீர் தேர்வுக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றனர். "ஹஜ்ரத், பட்டாளத்திற்குப் போவது கூடுமா?" என்று பிள்ளை கேட்கிறான். "கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்று தாய் சொல்லி அனுப்புகிறார். "கடன் வாங்கி விசா எடுத்து வளைகுடாவுக்கு அனுப்புவதைவிட இது மேல் அல்லவா?" என்கிறார் தந்தை. ஒரே வீட்டில் மூன்று கருத்துகள். பீடி சுற்றிய கூலியில் பிள்ளையைப் படிக்க வைத்த தாயின் அச்சத்தை அற்பமாக எண்ணக் கூடாது. ஆயினும், அச்சத்திற்காக மார்க்கத்தின் பெயரால் இல்லாத தடை ஒன்றை நான் சொல்லவும் இயலாது.

"இராணுவ வேலை ஹராம் என்று உலமாக்களே தீர்ப்பு வழங்கியிருக்கிறார்களே" என்று நம் பெரியவர்கள் சிலர் கூறுவதுண்டு. அது வெறும் வதந்தி அன்று. அதற்கு வரலாறு உண்டு. 1921 ஜூலையில் கராச்சியில் கூடிய கிலாஃபத் மாநாட்டில், ஆங்கிலேயரின் படையில் பணியாற்றுவது முஸ்லிம்களுக்கு ஹராம் என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அதற்காக மௌலானா முஹம்மது அலீ, மௌலானா ஷௌக்கத் அலீ, மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ முதலானோர் மீது வழக்குத் தொடரப்பட்டு, இரண்டு ஆண்டுகள் கடுங்காவல் விதிக்கப்பட்டது. காந்தியடிகளுடன் சென்னை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்த முஹம்மது அலீ, வழியில் வால்டேர் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அதே செப்டம்பரில் திருச்சிராப்பள்ளிக்கு வந்த காந்தியடிகள், அலீ சகோதரர்கள் சொன்னதையே தாமும் அங்கே மேடையில் எடுத்துரைத்தார். இன்று நம் மாவட்டப் பிள்ளைகளுக்கான இராணுவ ஆட்சேர்ப்பு அலுவலகம் அதே திருச்சியில்தான் இருக்கிறது!

அந்தத் தீர்ப்பின் காரணத்தை நோக்க வேண்டும். ஃபிக்ஹில் சட்டம் அதன் காரணத்தோடு சுழலும் என்பதை மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவரும் அறிவார். அந்நியர் ஆட்சி நம் நாட்டு மக்களையே கூலிக்கு அமர்த்தி, நம் நாட்டை அடிமைப்படுத்தவும் துருக்கிய கிலாஃபத்தைச் சிதைக்கவும் பயன்படுத்தியது என்பதே காரணம். அந்த ஆட்சி 1947இல் போய்விட்டது. அதனோடு அந்தக் காரணமும் போய்விட்டது. தீர்மானத்திற்காகச் சிறை சென்ற மௌலானா மதனீ அவர்களே, பின்னாளில் இந்நாட்டு மக்கள் யாவரும் ஒரே தேசத்தினர் என்று நூல் எழுதி வாதிட்டவர்கள்.

அடுத்த கேள்வி கடினமானது. "எதிர்ப்படையில் இருப்பவனும் கலிமாச் சொன்னவனாக இருந்தால்?" இதற்கு நழுவல் பதில் சொல்லக் கூடாது. மார்க்கத்தின் பெயரால் உதவி கேட்கும் முஸ்லிம்களுக்கு உதவுவது கடமை என்று கூறும் அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 72ஆம் வசனம், நம்மோடு உடன்படிக்கை செய்துகொண்ட சமூகத்தாருக்கு எதிராக மட்டும் அவ்வாறு உதவுவதற்கு விதிவிலக்கு வைக்கிறது. உடன்படிக்கைக்கு அவ்வளவு கனம்! அரசியல் சாசனத்தின் கீழ், பாதுகாப்பும் உரிமையும் பெற்றுக் குடிமக்களாக வாழும் நாம் இந்நாட்டு மக்களோடு உடன்படிக்கையில் இருக்கிறோம்.

அதைத் தம் உயிரால் நிறைவேற்றியவர்கள் இருக்கிறார்கள். பிரிவினையின்போது பலூச் ரெஜிமெண்டில் இருந்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் இந்தியாவிலேயே தங்கினார். நௌஷேராவைக் காத்து, ஜங்கரை மீட்ட பிறகு, 1948 ஜூலை 3 அன்று பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். அவருடைய கப்ர் டெல்லி ஜாமிஆ மில்லியா வளாகத்தில் இருக்கிறது. ஜனாஸாவில் பிரதமர் நேரு கலந்துகொண்டார். அவர் மது அருந்தாதவர் என்பதையும், தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தவர் என்பதையும், "பட்டாளம் போனால் பிள்ளை குடிகாரனாகிவிடுவான்" என்று அஞ்சும் தாய்மார்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் ஒரு தையற்காரர் குடும்பத்தில் பிறந்த அப்துல் ஹமீது, 1965 செப்டம்பரில் கேம்கரண் முனையில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளைத் தகர்த்து, செப்டம்பர் 10 அன்று உயிர் நீத்தார். நாட்டின் உயரிய விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது.

எனவே அடிப்படையில் இப்பணி ஆகுமானது என்பதே என் கருத்து. ஆனால் ஆகுமானது என்பதால் எவரும் எந்த நிலையிலும் செய்யலாம் என்று ஆகிவிடாது.

நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய ஒரு படையின் தலைவர், தம் வீரர்கள் மீது கோபமுற்று, விறகு சேர்த்துத் தீ மூட்டச் சொல்லி, அதில் இறங்குமாறு கட்டளையிட்டார். அவர்கள் தயங்கி நின்றார்கள். அதற்குள் தீயும் தணிந்தது, கோபமும் தணிந்தது. செய்தி நபியவர்களுக்கு எட்டியபோது, அவர்கள் அதில் இறங்கியிருந்தால் ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் என்பது நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள். புகாரீ ஷரீஃபில் வரும் சம்பவம் இது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டமும், சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படியாமையைத்தான் குற்றம் என்கிறது. 1987இல் மீரட்டின் ஹாஷிம்புராவில் முஸ்லிம்களைப் பிடித்துச் சென்று சுட்டுக் கொன்றவர்கள் சீருடை அணிந்தவர்களே. அது இராணுவம் அன்று, மாநில ஆயுதக் காவல் படை. 31 ஆண்டுகள் கழித்து, 2018இல், டெல்லி உயர் நீதிமன்றம் அவர்களில் 16 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சீருடை அணியப் போகும் பிள்ளை இதையும் அறிந்து செல்ல வேண்டும். நிரபராதி மீது துப்பாக்கியை நீட்டச் சொன்னால் மறுக்கும் துணிவு தனக்கு உண்டா என்று, விண்ணப்பிக்கும் முன் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

தொழுகையைப் பற்றிக் கவலை வேண்டாம். எதிரியின் முன்னிலையிலும் தொழும் முறையைக் குர்ஆனே கற்பித்திருக்கிறது. பயணத்தில் கஸ்ர் உண்டு. படைப்பிரிவுகளில் எல்லா மதத்தாருக்குமான வழிபாட்டிடங்கள் இருக்கின்றன. மௌலவிகளையும் மார்க்க ஆசிரியர்களாக நியமிக்கின்றனர். (பட்டப்படிப்பும் ஆலிம் சனதும் ஒருசேர உடைய நம் இளம் மௌலவிகள் இதையும் கவனிக்கலாம்.) தாடி விஷயம் அப்படி அன்று. விமானப்படையைச் சேர்ந்த ஒருவர் தாடி வைக்க அனுமதி கோரித் தொடுத்த வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தாடியை வாஜிப் என்று உறுதியாகக் கடைப்பிடிக்கும் ஒரு பிள்ளைக்கு இது இப்பணியை விட்டு விலகப் போதுமான காரணம். அவனைக் கோழை என்று எவரும் ஏளனம் செய்யலாகாது.

இனி வாழ்வாதாரம். உண்மையில் நம் வீடுகளில் தீர்மானத்தை முடிவு செய்யப்போவது இதுதான்.

நம் பாட்டனார் காலத்துப் பட்டாள வேலை வேறு. பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினால் ஆயுள் முழுதும் ஓய்வூதியம் வந்தது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் பணிக்காலம் 4 ஆண்டுகள். முதல் ஆண்டு மாத ஊதியம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் பிடித்தம் போகக் கையில் வருவது 21,000. நான்காம் ஆண்டில் ஊதியம் 40,000, கையில் 28,000. நான்காண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதத்தினர் மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். ஏனையோர் சேவா நிதியாகச் சுமார் 11.71 இலட்சத்துடன் வீடு திரும்ப வேண்டும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. அந்த நான்கு ஆண்டுகளில் திருமணம் செய்துகொள்ளவும் அனுமதி இல்லை. பணியில் இருக்கையில் உயிரிழந்தால் குடும்பத்திற்கு 48 இலட்சம் காப்பீடு உண்டு. அதற்கான தவணை வீரரின் ஊதியத்தில் பிடிக்கப்படுவதில்லை.

"அந்த 11.71 இலட்சத்தில் வட்டி இருக்கிறதே" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டான், அவனுடைய பேணுதலுக்காக மகிழ்ந்தேன். ஊதியத்தில் பிடிக்கப்படுவது 5.02 இலட்சம், அரசு தருவது அதே அளவு, ஆக 10.04 இலட்சம். மீதி அதன் மேல் சேர்வது. வருங்கால வைப்பு நிதி பற்றி முஃப்திகள் பலர் கூறிய தீர்ப்பே இதற்கும் பொருந்தும் என்பது என் புரிதல். ஊழியரின் விருப்பத்தைக் கேளாமல், அவர் கைக்கு வருமுன்பே கட்டாயமாகப் பிடிக்கப்படுவதால், அத்தொகை இன்னும் அவருடைய உடைமையாகவில்லை. எனவே அதன் மேல் வருவது அவர் கடன் கொடுத்து வாங்கிய வட்டி ஆகாது, முதலாளி சேர்த்துத் தரும் ஊதியமே ஆகும். ஆனால் கைக்கு வந்த பிறகு அதை வங்கியில் வைப்பு வைத்து வட்டி உண்பது வேறு விஷயம். அது ஹராமே.

ஆக, பொருளாதாரக் கணக்கில் பார்த்தால் இது தொழில் அன்று. தொழிலுக்கான நான்காண்டு முதல் சேர்ப்பு. பதினெட்டு வயதில் சென்று இருபத்திரண்டில் திரும்புபவன் அத்தொகையை வைத்து என்ன செய்யப்போகிறான் என்று இப்போதே பேசி வைக்காத குடும்பம், அதைப் புது வீட்டிலும் தங்கையின் திருமண விருந்திலும் கரைத்துவிடும். வளைகுடாப் பணத்தில் இதை நாம் பார்க்கவில்லையா? மறுபக்கம், விசாவுக்குக் கடன்பட்டு முதல் ஆண்டு ஊதியம் முழுவதையும் கடனுக்கே கட்டுபவனைவிட, கடனின்றிச் சென்று ஒழுங்கும் உடல் வலிமையும் சேமிப்பும் பெற்றுத் திரும்புபவன் தாழ்ந்தவன் அல்லன்.

படிப்பில் நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளைகளை இதற்கு அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம் என்பேன். அருகிலேயே பரமகல்யாணி கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம்; பட்டம் பெற்ற பின் அதிகாரிகளுக்கான தேர்வு உண்டு; அதில் தேறியோருக்குப் பயிற்சி தரும் கழகம் ஒன்று சென்னைப் பரங்கிமலையிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நிற்பதை மட்டுமே ஏன் எண்ணுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப் அவர்கள் 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார்களே!

தாய்மார்களின் விஷயம் மீதம் இருக்கிறது. ஜிஹாதில் கலந்துகொள்ள அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று கேட்டறிந்த நபி (ஸல்) அவர்கள், அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடுமாறு திருப்பி அனுப்பினார்கள். நபியின் தலைமையில் செல்லும் படைக்கே இந்நிலை என்றால், ஊதியத்திற்குச் செல்லும் பணிக்குப் பெற்றோரின் சம்மதம் எவ்வளவு அவசியம்! நோயுற்ற தாய்க்கு ஒரே மகனாக இருப்பவன் போகக் கூடாது. வேறு பிள்ளைகள் இருந்து, தாய் அச்சத்தினால் மட்டுமே தடுத்தால், மறைத்து விண்ணப்பிக்காமல், பொறுமையாகப் பேசிச் சம்மதம் பெறட்டும். தாய்மார்களும், மகன் சம்மதம் கேட்டு நிற்கும்போது, "ஹஜ்ரத் ஹராம் என்று சொல்லிவிட்டார்" என்று என் மீது போட்டுவிட வேண்டாம்.

தேர்வு இப்போது முதலில் கணினி வழி எழுத்துத் தேர்வாகவும், பின்னர் உடற்தகுதித் தேர்வாகவும் நடைபெறுகிறது. 2025 முதல் தமிழிலும் எழுதலாம். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் பெயர்களில்தான் இந்தத் தகராறு அதிகம். முஹம்மது ஓரிடத்தில் முகமது என்றும், மற்றோரிடத்தில் வெறும் முதலெழுத்தாகவும் கிடக்கும். இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்திற்குக் கடனா நதிக்கரையில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள், ஃபஜ்ர் ஜமாஅத்தில் கலந்துகொண்ட பின் ஓடத் தொடங்கட்டும். அந்நேரத்தில் வெளிச்சமும் வந்துவிடும்.