எதிர்க்கட்சி என்றால் எதிரிக் கட்சியா?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கைப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ஆட்சி மாறினால் நம் நட்பு நாடுகளும் மாறிவிடுமா?" என்று கேட்டான். "மாறாது, உட்கார்" என்றேன். அவன் முகம் தெளியவில்லை. கட்சிப் பேச்சு வகுப்பில் எழுந்துவிடுமோ என்று அஞ்சித்தான் அப்படிச் சொன்னேன். அது என் தவறு. மறுநாள் ஒரு நிகழ்வை எடுத்துச் சென்றேன்.

1993 ஜூலையில் பிரதமர் நரசிம்ம ராவ் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அரசு 14 வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. பாரதிய ஜனதா கட்சி அரசுக்கு எதிராகவே வாக்களித்தது. அடுத்த ஆண்டு, 1994 தொடக்கத்தில், ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையம் கூடியது. காஷ்மீர் தொடர்பாக இந்தியாவுக்கு எதிரான தீர்மானத்தைப் பாகிஸ்தான் கொண்டுவந்தது. இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்க ராவ் யாரை அனுப்பினார்? மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயை! காங்கிரஸ் அமைச்சர் சல்மான் குர்ஷித்தும், தேசிய மாநாட்டுக் கட்சியின் ஃபரூக் அப்துல்லாவும் அதே குழுவில் இருந்தனர். தீர்மானத்தை வற்புறுத்த வேண்டாம் எனச் சீனாவும் ஈரானும் கேட்டுக்கொண்டன. வாக்கெடுப்பு நடைபெறும் முன்பே மார்ச்சில் பாகிஸ்தான் அதைத் திரும்பப் பெற்றது.

அந்த மாணவன் விடவில்லை. "அப்படியானால் எப்போதும் சேர்ந்தே இருக்கலாமே, ஐயா?" என்றான்.

நல்ல கேள்வி. ஒத்துழைப்பு என்பது வாய்மூடி இருப்பது அன்று. 1962 சீனப் போரின்போது, அரசின் ஆயத்தக் குறைவை நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அதே அவைதான் ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றும் உறுதியை ஒருமனதாக நிறைவேற்றியது. கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்து நிற்கும் பொறுப்பும் ஒன்றையொன்று விழுங்கிவிடக் கூடாது. ஜெனிவாவிலிருந்து திரும்பிய பின்னரும் வாஜ்பாய் எதிர்க்கட்சி வரிசையிலேயே அமர்ந்தார்.

நம் மாணவர்கள் வெவ்வேறு கட்சிக் கொடி பறக்கும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். மாற்றுக் கருத்து உடையவன் எதிரி அல்லன் என்பதை அவர்கள் வகுப்பறையில்தான் பழக வேண்டும். ஒரு பொருளில் இரு அணியாக வாதிடச் செய்யுங்கள். பின்னர் இரு அணியும் சேர்ந்து ஒரே அறிக்கை எழுதச் சொல்லுங்கள். எங்கே விட்டுக்கொடுத்தோம், எங்கே விட்டுக்கொடுக்கவில்லை என்று அவர்களே சொல்லட்டும்.

மாணவன் கேட்கும்போது, என்னைப்போல் "உட்கார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.